அஸ்வானிலிருந்து திரும்பிய அறிஞர்

அறிவுக்கூர்மை உடையவர் பகுத்தாராய்ந்தே முடிவெடுப்பார் என நாம் எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை. கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸமின் வாழ்வில் இரண்டும் ஒருமுறை மோதிக்கொண்டன.

நைல் நதியின் பெருக்கைத் தம்மால் கட்டுப்படுத்த இயலும் என்று அவர் கூறியது, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீஃபா அவரை வரவழைத்து, ஆட்களையும் உடன் அனுப்பினார். திட்டம் கணிதத்தில் தேர்ந்த ஒருவருடையதுதான்; ஆனால் அது கேள்விப்பட்ட செய்திகளின் மீது எழுந்தது.

ஆற்றோரமாகத் தெற்கே சென்றவர், பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டு வியந்தார். இத்துணைத் துல்லியமாகக் கட்டத் தெரிந்தவர்கள் நைலைத் தடுக்கவில்லை என்றால், அது இயலாததாகவே இருக்க வேண்டும் என்று அவர் உள்ளம் சொல்லிற்று. அஸ்வானை அடுத்த நிலப்பரப்பை நேரில் ஆராய்ந்தபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. திரும்பி வந்து தம் தவற்றை ஒப்புக்கொண்டார் என வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். (முன்னோர் செய்யவில்லை என்பது மட்டுமே இயலாமைக்குச் சான்றாகாது, 1902இல் அங்கே அணை எழுந்தது. எனினும் அவர் காலத்துக் கருவிகளுக்கு அம்முடிவு சரியே.)

கூர்மதியாளருக்குத் தம் பிழையை நியாயப்படுத்தும் வாதங்களுக்கா பஞ்சம்? அல்ஹாகிமோ கொடுமைக்குப் பெயர்பெற்றவர். அத்தகைய ஆட்சியாளர் முன் உண்மையைச் சொன்ன அறிஞர், பின்னர் உயிருக்கு அஞ்சிப் பித்தரைப்போல் நடித்து, 1021இல் கலீஃபா மறையும்வரை அடைபட்டுக் கிடந்தாராம்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் நம்பினர். அவர்கள் மேதைகள் என்பதில் இப்னுல் ஹைஸமுக்கு ஐயமில்லை. ஆயினும் கிதாபுல் மனாழிர் என்னும் நூலில் அவர் எளிய அனுபவத்திலிருந்தே தொடங்குகிறார்: சூரியனை உற்று நோக்கினால் கண் நோகிறது. அப்படியாயின் ஒளி வெளியிலிருந்து வந்து கண்ணைத் தாக்குகிறது.

தாலமியின் மீதான ஐயங்களைத் தொகுத்து அவர் தனி நூலே எழுதினார். முன்னோரின் நூல்களை எதிராளியாக நின்று ஆராய வேண்டும் என்று அதன் முன்னுரையில் வலியுறுத்துகிறார். அவ்வாறு ஆராயும்போது தன்னையும் ஐயத்துக்கு உட்படுத்த வேண்டும் என்று உடனே சேர்க்கிறார்.