சுவர்ச் சூடு

1992 ஜனவரி 16, விடிகாலை 3.20. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஃப்ளாரன்ஸ் என்னும் ஊர். தெருவின் எதிர்ப்புறம் நின்ற காரில் உட்கார்ந்தபடியே, டானி கைலோ என்பவரின் வீட்டைப் பார்த்து வெப்பம் காட்டும் கருவியொன்றைத் திருப்பினார்கள். சில நிமிஷ வேலை. கராஜின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற பாகங்களைவிடச் சூடாயிருந்தன. கஞ்சா வளர்க்க உள்ளே உக்கிரமான விளக்குகள் எரிவதாக ஊகித்து, இதையும் மின்சார பில்களையும் கிடைத்த துப்புகளையும் காட்டி வாரண்ட் வாங்கினார்கள். நூறு செடிகளுக்கு மேல் அகப்பட்டன. ஊகம் சரிதான். ஆனால் வாரண்டுக்கு முன்பு கருவியால் பார்த்ததே சோதனையாகாதா?

வாசலைத் தாண்டினால்தான் சோதனை என்பது பழைய கொள்கை. 1928இல் ஓம்ஸ்டெட் வழக்கில், வீட்டுக்கு வெளியே டெலிபோன் கம்பியில் ஒட்டுக்கேட்டது சோதனையல்ல என்றது சுப்ரீம் கோர்ட். பொது டெலிபோன் கூண்டில் பேசியவனுக்கும் அந்தரங்கம் உண்டென்று 1967இல், காட்ஸ் வழக்கில், அதைக் கைவிட்டது.

கைலோ வழக்கின் தீர்ப்பு 2001இல், ஐந்துக்கு நான்கு. வெளியேறிவிட்ட வெப்பம் எல்லோருக்கும் பொது, கூரைமேல் பனி உருகுவதை யாரும் பார்க்கலாமே என்றார் மாறுபட்ட ஸ்டீவன்ஸ். பெரும்பான்மைக்காக எழுதிய ஸ்காலியா, வீட்டுக்குள் எல்லாமே அந்தரங்கம் என்றார். வீட்டு எஜமானி இரவில் எப்போது குளிக்கிறாள் என்பதையும் இக்கருவி காட்டிக்கொடுக்கலாம். ஆகவே வாரண்ட் அவசியம். குறைந்தபட்சம், கருவி பொதுஜனப் புழக்கத்தில் இல்லாதவரை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். கருவி பரவப் பரவ அந்தரங்கத்துக்கு ஆபத்து கூடத்தானே செய்யும், பாதுகாப்பு மட்டும் ஏன் குறையவேண்டும் என்று கேட்டவர் தோற்ற தரப்பின் ஸ்டீவன்ஸ்தான். இன்று வெப்பக் காமிராவைக் கடையில் வாங்கிச் செல்போனில் பொருத்திக்கொள்ளலாம். 2014இல் டென்சன் வழக்கில், சுவருக்கு அப்பால் மனித மூச்சின் அசைவையும் உணரும் கைராடார் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. ராடார் இல்லாமலே போலீஸுக்குப் போதிய காரணம் இருந்ததென்று கூறி, கவலையைப் பதிவுசெய்து, கேள்வியைத் தீர்க்காமல் விட்டார்கள்.

ஸ்காலியா வீட்டைக் காப்பாற்றினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தரங்கத்தின் எல்லையை, அண்டைவீட்டான் கடையில் என்ன வாங்கினான் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க இடம் வைத்துவிட்டார். சுவர் அங்கேயேதான் நிற்கிறது. கருவியின் விலைதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.