மொசாம்பிக்கிலிருந்து மயிலைக்கு

வேதபோதகம் என்றால் பிரசங்கம் மட்டுமே என்று எண்ணுகிறோம். புனித சவேரியாரின் சரித்திரம் வேறு பாடம் சொல்கிறது. 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறிய அவருக்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் சுமார் ஆறு மாதம் தங்க நேர்ந்தது. அங்கே நோயுற்ற கப்பற்பயணிகளுக்கு இரவும் பகலும் பணிவிடை செய்தார். முடிவில் தாமே காய்ச்சலில் விழுந்தார். 1542 மே 6-இல் கோவா சேர்ந்தார். 1545-இல் நம் மயிலையில், தோமையார் கல்லறையருகே ஜெபித்த பிறகே மலாக்கா செல்லத் துணிந்தார்.

மடத்தை விட்டு வெளியேறாத கார்மேல் கன்னிகை தெரேசம்மாளோ, ஆப்பிரிக்கா செல்லவிருந்த ஒரு குருமாணவருக்காக ஜெபமும் ஒறுத்தலும் ஒப்புக்கொடுத்தார். 1927-இல் 11-ஆம் பத்திநாதர் அவரைச் சவேரியாருக்கு நிகராக மறைபரப்பின் பாதுகாவலியாக்கினார்.

கோவளம் கார்மேல் மாதாவின் அண்டையில் வாழும் நாமும், நோயோடும் தனிமையோடும் போராடும் வேதபோதகர்களுக்காகத் தினமும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்வோமாக.