கண்ணுக்குத் தெரியாத கிழிசல்

தேனி மாவட்டத்துக் கோம்பையிலிருந்து கம்பம் நோக்கிச் செல்வோர் திராட்சைப் பந்தல்களைக் காணாமல் போக முடியாது. கவாத்து வெட்டுவதானாலும், கொடியைக் கட்டுவதானாலும், குலையை அறுப்பதானாலும் அங்கே கை தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளி ஒருவருக்கு ஒருநாள் கை மேலே எழ மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுளுக்கு என்று நீவி விடுவார்கள். வாயு என்று கஷாயம் கொடுப்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் பழுது எதுவும் தெரியாது. "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு அவர் வீடு திரும்புவார். கூலி போனது போனதுதான்.

உண்மையில் ஒன்றுமில்லையா? தோள் மூட்டு ஓர் ஆழமற்ற கிண்ணத்தில் பெரிய பந்தை வைத்தது போன்றது. பந்து நழுவாதபடி நான்கு தசைகளின் நாண்கள் அதைச் சுற்றிப் பட்டையாகப் பற்றியிருக்கின்றன. இதுவே சுழல் தசைநாண் பட்டை. மருத்துவர்கள் 'ரோட்டேட்டர் கஃப்' என்பர். இவற்றுள் மேலே அமைந்த 'சுப்ராஸ்பைனேட்டஸ்' என்னும் தசையின் நாண், தோள் உச்சி எலும்புக்கும் பந்துக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தின் வழியே செல்கிறது. வயதாக ஆக அது நைந்து போகிறது. கையை ஓயாமல் உயர்த்தும் உழைப்பும், எதிர்பாராத விழுதலும் நைந்த நாணைக் கிழித்துவிடலாம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாணைக் காட்டாது.

இந்தக் கிழிசலை முதலில் கண்டவர்கள் பிணங்களை அறுத்து ஆய்ந்தவர்களே. ஜே. ஜி. ஸ்மித் என்பவர் 1834-ஆம் ஆண்டில் இத்தகைய ஏழு தோள்களைப் பற்றி இலண்டன் மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஆனால் உயிரோடு இருப்பவரின் தோளில் அதை எவ்வாறு அறிவது?

விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். கையை உயர்த்த இயலாத நோயாளியின் தோளை 1909-இல் திறந்து, கிழிந்த நாணைத் தைத்தார். இரண்டு நோயாளிகள் நலமடைந்த செய்தியை 1911-இல் வெளியிட்டார். நோயாளி முன்புறம் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காட்மனின் பெருமை தையலோடு நிற்கவில்லை. "அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பின் நோயாளி எப்படி இருக்கிறார்? நலமில்லை என்றால் ஏன்?" இந்தக் கேள்வியை ஒவ்வொரு மருத்துவமனையும் கேட்க வேண்டும் என்றார் அவர். சக மருத்துவர்கள் முகம் சுளித்தனர். 1914-இல் தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து விலகினார். 1911 முதல் 1916 வரை தமது சொந்தச் சிறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் விவரங்களையும், அவற்றில் நேர்ந்த 123 பிழைகளையும் அச்சிட்டே வெளியிட்டார்! தோளைப் பற்றிய அவரது பெருநூல் 1934-இல் வெளிவந்தது. 1940-இல் அவர் மறைந்தார்.

பின்னர் வழிகள் பெருகின. 1939-இல் ஸ்வீடன் நாட்டு லிண்ட்ப்ளோம், எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை மூட்டினுள் செலுத்தி, அது கசியும் இடத்தைக் கொண்டு கிழிசலைக் கண்டார். இன்று மீயொலிக் கருவியும் எம்.ஆர்.ஐ.யும் நாணையே படம் பிடிக்கின்றன. 1918-இல் ஜப்பானியர் கென்ஜி தகாகி ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தார். அந்த முயற்சி வளர்ந்து, சிறு துளைகள் வழியே தோளுக்குள் நோக்கி, எலும்பில் பதித்த சிறு நங்கூரங்களில் நூல் கோத்து நாணைத் தைக்கும் முறையாயிற்று.

1972-இல் நியூயார்க் மருத்துவர் சார்லஸ் நீர், தோள் உச்சி எலும்பு உராய்வதே நோய்க்குக் காரணம் என்று கருதி, அதன் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவையை விளக்கினார். அது உலகெங்கும் பரவியது. ஆனால் 2018-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாண் முழுதும் கிழியாமல் தோள்வலி மட்டும் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு எலும்பைச் செதுக்கினர். மற்றொரு சாராருக்கு உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டனர். இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை! "முடிவு என்ன?" என்ற காட்மனின் கேள்விதான் இங்கும் கேட்கப்பட்டது.

தையலுக்கும் எல்லை உண்டு. பெருங்கிழிசலைத் தைத்தால் சில வேளை மீண்டும் கிழியும். முதியோர் பலருக்குக் கிழிசல் இருந்தும் வலியே இராது. பலர் பயிற்சியாலேயே தேறுவர். ஆனால் விழுந்தவுடன் கை எழாமற்போனால் காலம் தாழ்த்தலாகாது. நாட்கள் செல்லச் செல்ல நாண் சுருங்கும். தசை மெலிந்து கொழுப்பாகும். பின் தைப்பது கடினம்.

ஆகவே, பந்தலின் கீழ் நிற்கும் அந்தத் தொழிலாளியின் எக்ஸ்ரேயில் பழுது தெரியவில்லை என்பதால் அவர் தோளிலும் பழுதில்லை என்று ஆகிவிடாது. எலும்பைப் பார்த்தாயிற்று, இனி நாணையும் பார்க்க வேண்டும்.