ஜோஷியின் பிறந்தநாளும் அரசு கொடுத்த லேப்டாப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இங்கே அயோத்தியாப்பட்டணத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்து, பட்டா மனு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறாள். கையில் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த அதே லேப்டாப்.

"சார், ஆன் பண்ணினா எழுந்திரிக்கவே பத்து நிமிசம் ஆகுது. 47 வைரஸ் இருக்குன்னு சிவப்பா வருது. மூணு நாளா தமிழும் அடிக்க முடியல. காட்டின இடத்துல ஃபார்மட் போடணும்ங்கறாங்க. பத்து வருச ஃபைல் சார்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

வரலாற்று வாத்தியாரிடம் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தால் வேறென்ன கிடைக்கும்? அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஐ.பி.எம். பி.சி.களில் பரவிய முதல் வைரஸ் நம் பக்கத்து நாட்டில், லாகூரில், 1986-இல் பிறந்தது. பெயர் பிரெய்ன். எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களை எச்சரிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். வைரசுக்குள்ளேயே தங்கள் கடை முகவரியையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவு வெள்ளந்தி! அது ஒளிந்துகொண்ட இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஃப்ளாப்பியின் முதல் பகுதி. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் முன்னால் நாம்தான் உள்ளே.

1990-இல் இந்தியாவிலிருந்தே ஒன்று கிளம்பியது. அதன் பெயர் ஜோஷி. வருடம் முழுக்கச் சாதுவாக இருக்கும். ஜனவரி 5 அன்று கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடும். 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடித்தால்தான் வழி விடும். அந்த ஜோஷி யாரோ! ஆனால் பல நாடுகளில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு 1995-இல் விண்டோஸ் 95 வந்தது. கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாக எழ வேண்டிய புரோகிராம்களுக்கு ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் ஒரு பட்டியல் வைத்தார்கள். வசதிக்காக வைத்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்கு இடம் பிடிப்பது போல ஆளாளுக்கு அதில் பெயர் எழுதினார்கள். பிரிண்டர் கம்பெனி, பாட்டுக் கேட்கும் மென்பொருள், கூடவே வைரசும்.

தமிழர்களாகிய நாமும் அந்த வரிசையில் நின்றோம். இதை யாரும் சொல்வதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்த காலம். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல்தான். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, தமிழ் அடிக்கப் பலருக்கும் ஒரு சிறு மென்பொருள் தேவைப்பட்டது. அது கம்ப்யூட்டரோடு கூடவே எழுந்து, பின்னால் மறைவாக உட்கார்ந்து, நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழாக மாற்றிக் கொடுக்கும்.

பாஸ்வேர்டு திருடும் கீலாகர் என்ன செய்யும்? அதுவும் கூடவே எழும், மறைவாக உட்காரும், ஒவ்வொரு விசையையும் கவனிக்கும்.

ஸ்கேனருக்கு முகம் தெரியாது பிள்ளைகளே. ஏற்கெனவே பிடிபட்ட திருடனின் கைரேகையோடு ஒத்துப் பார்க்கும். அல்லது நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படும். இரண்டிலும் தப்பு வரலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு ஃபைலையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் எழுந்து எழுந்து விழுந்தன. காவல்காரனே வீட்டுக்காரரைக் கட்டிப்போட்ட கதை.

அதற்காக எச்சரிக்கை எல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். 2008 கடைசியில் வந்த கான்ஃபிக்கர், பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டு பரவியது. பிரவுசிங் சென்டரில் பென்டிரைவ் செருகியவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். 2011-இல்தான் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோசுகளிலும் பென்டிரைவுக்கு அந்தக் கதவைச் சாத்தியது.

மூன்றாவது வகை சுத்தப் பித்தலாட்டம். எச்சரிக்கையையே வியாபாரம் ஆக்கியவர்கள். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட ஒரு கும்பல் மீது வழக்குப் போட்டது. போலி ஸ்கேன் காட்டிப் பயமுறுத்தி, பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றியிருந்தார்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு வருவோம். '47 வைரஸ்' இந்த மூன்றாவது வகைதான். எப்போதோ ஒரு இணையதளம் கேட்டபோது 'அலவ்' அமுக்கியிருக்கிறாள். அதுதான் பிரவுசர் வழியாகத் தினமும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. பிரவுசர் செட்டிங்கில் அந்த அனுமதியை எடுத்தோம், நின்றுவிட்டது. அவளுடைய நிஜ ஸ்கேனரோ இரண்டே ஃபைலைத்தான் பிடித்து ஒதுக்கி வைத்திருந்தது. அதில் ஒன்று அவள் பல வருடமாக மனு அடிக்கும் தமிழ் மென்பொருள். மூன்று நாளாகத் தமிழ் வராத காரணம் இதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டுமே. இங்கேதான் 2011-இல் எடுத்த ஒரு முடிவு கை கொடுத்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோசோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் போட்டுக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் அதைத் திறந்ததே இல்லை. இவளும்தான். திறக்கும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தோம், எழுந்தது. விண்டோஸ் தூங்கும்போதே அதன் ஃபைல்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். வீட்டுக்காரர் எழாவிட்டால் திண்ணையில் காத்திருப்பவர்களும் எழ முடியாது அல்லவா!

அதன் பிறகு எம்.எஸ்.கான்ஃபிக்கில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து, முதலில் முழுவதையும் நோட்டில் எழுதச் சொன்னேன். 19 பெயர். தெரிந்ததை மட்டும், ஒவ்வொன்றாக, டிக் எடுத்தோம், எதையும் அழிக்கவில்லை. ஆகாவிட்டால் மறுபடி டிக் போட்டுக்கொள்ளலாம். ஸ்கேனருக்குக் கை வைக்கவில்லை. ஆனால் இரண்டாவதாக வேறொரு ஆன்டிவைரசும் ஓடிக்கொண்டிருந்தது. 2 ஜிபி ராமில் இரண்டு காவல்காரர்கள், ஒருவரை ஒருவர் சோதனை போட்டுக்கொண்டு! அதை மட்டும் முறைப்படி நீக்கினோம்.

தமிழ் மென்பொருளின் அதே பதிப்பைத் தயாரித்தவர்களின் தளத்தில் இருந்து மறுபடி இறக்கி, வைரஸ்டோட்டலில் கொடுத்துப் பார்த்தோம். பல ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும் இடம் அது. (வாடிக்கையாளரின் மனுவை அங்கே போட்டுவிடாதீர்கள், மற்றவர் பார்வைக்குப் போகும்.) ஓரிரண்டைத் தவிர யாரும் குறை சொல்லவில்லை. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தோம். 'அ' என்று அடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் பேங்க் வேலை எதுவும் இதில் கூடாது, மனு டைப் அடிக்க மட்டும், நெட் இணைப்பு இல்லாமல் என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டாவது ஃபைல் எந்த பென்டிரைவில் வந்ததோ, அவளுக்கும் நினைவில்லை. அது ஒதுக்கி வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து போகும் பென்டிரைவ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.