பதவி உயர்வில் விடுபடுதல் (இந்திய அரசுப் பணி)

பணிமூப்பில் மேலே உள்ள ஊழியரை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே உள்ளவருக்கு உயர்பதவி தருவது பதவி உயர்வில் விடுபடுதல் ஆகும். 'ஜூனியர் மேலே போய்விட்டார்' என்று அலுவலகங்களில் இதைச் சொல்வார்கள். பதவி உயர்வு கேட்டுப் பெறும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அதற்குப் பரிசீலிக்கப்படுவது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஒன்றிய அரசில் துறைசார் பதவி உயர்வுக் குழு ஊழியரின் ஆண்டு அறிக்கைகளை, வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கானவற்றை, மதிப்பிடுகிறது. 2002 வரை 'மிகச் சிறப்பு' பெற்ற ஜூனியர், 'மிக நன்று' பெற்ற சீனியரைத் தாண்ட முடிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த ஆணை இதை நீக்கியது. பதவிக்கு உரிய அளவுகோலை எட்டியவர்கள் எல்லாரும் பணிமூப்பு வரிசையிலேயே உயர்வர். எட்டாதவர் நின்றுவிடுவார். தகுதிப் போட்டி இப்படித் தணிந்தாலும், ஒரு படி குறைந்த மதிப்பீட்டின் விளைவு கடுமையாகவே நீடித்தது.

எல்லைச் சாலைகள் அமைப்பின் செயற்பொறியாளர் ஒருவர் தொடுத்த தேவ் தத் வழக்கில் இது வெளிப்பட்டது. கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' தேவைப்பட்டது; அவருக்கு 1993-94இல் 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. பாதகமான குறிப்புகளை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பது அப்போதைய வழக்கம். 'நன்று' பாதகம் அல்ல என்பதால் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜூனியர்கள் உயர்ந்தனர். நல்ல சொல்லே ஒருவரின் பதவியைப் பறிக்குமானால் அதைப் பாதகக் குறிப்பு என்றுதான் கொள்ள வேண்டும். நீதிமன்றமும் 2008இல் அப்படியே கொண்டது. எல்லா மதிப்பீடுகளையும் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். மதிப்பீடு உயர்த்தப்பட்டு, முன்தேதியிட்டுப் பதவி உயர்வும் கிடைத்தால், கூடுதல் ஓய்வூதியமும் 8 விழுக்காடு வட்டியுடன் நிலுவையும் தர உத்தரவிடப்பட்டது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த நிலைப்பாட்டை உறுதி செய்தது. 2009 மே ஆணைக்குப் பிறகு முழு அறிக்கையும் ஊழியரிடம் தரப்படுகிறது. முறையிட 15 நாள் உண்டு.

விடுபட்டவரின் இழப்பு ஒரு நாளோடு முடிவதில்லை. உயர்பதவிக்குரிய ஊதியம் போகிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குக் கடைசி ஊதியத்தை வைத்தே ஓய்வூதியம் கணக்கிடப்படுவதால் அதுவும் குறைகிறது. நேற்றுவரை தன்னிடம் கோப்பு கொண்டுவந்தவர் இன்று தன் ஆண்டு அறிக்கையை எழுதும் நிலையும் வரலாம். ஐந்தாண்டு அறிக்கைகள் பார்க்கப்படுவதால் ஒரே ஆண்டின் குறை அடுத்தடுத்த கூட்டங்களிலும் குழுவின் முன் வந்து நிற்கிறது. காரணம் தெரியாதவருக்கு எதைத் திருத்திக்கொள்வது என்பதும் தெரியாது. விடுபடுதலின் கொடுமை பெரும்பாலும் இந்த இருட்டில்தான் இருக்கிறது.

ஒரே பதவியில் நீண்ட காலம் நிற்கும் தேக்கத்தைத் தணிக்க ஒன்றிய அரசு 2008 செப்டம்பர் முதல் 10, 20, 30 ஆண்டுப் பணியில் ஊதிய நிலையை மட்டும் உயர்த்தித் தருகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணையானவை 10, 20 ஆண்டுகளில் வரும் தேர்வு நிலையும் சிறப்பு நிலையும். இவற்றால் பணம் வரும், பதவி மாறாது. 2016 முதல் ஒன்றிய அரசின் இந்த உயர்வுக்கும் 'மிக நன்று' கட்டாயமாக்கப்பட்டது. ஆறுதலாக வந்த திட்டத்தையும் அதே அறிக்கை அடைக்கக்கூடும்.

ஒன்றிய அரசின் இணைச் செயலர், அதற்கு மேற்பட்ட பதவிகளுக்கான பட்டியலில் சேர்க்க, ஆண்டு அறிக்கைகளோடு உடன் பணியாற்றியோரிடம் கருத்துக் கேட்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. அதில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு குறை கூறியது.