பழைய ஒயினுக்கு எது நியாய விலை?

1985 டிசம்பர் 5. லண்டன் கிறிஸ்டீஸ் ஏல அரங்கில் கரும்பச்சைக் கண்ணாடி பாட்டில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. லேபிள் கிடையாது. 1787 என்ற ஆண்டு, லஃபீட் என்ற போர்தோ தோட்டத்தின் பெயர், தாமஸ் ஜெஃபர்சனைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட முதலெழுத்துகள், இவ்வளவும் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தவர், ஒயின் பிரியர். பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸின் மகன் கிறிஸ்டோஃபர் 1,05,000 பவுண்டுக்கு அதை எடுத்தார். ஒரு பாட்டில் ஒயினுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பிறகு நியூயார்க்கில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்குச் சூட்டில் கார்க் சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது.

அந்த ஏலத்தை நடத்திய மைக்கேல் பிராட்பென்ட், 1966இல் கிறிஸ்டீஸின் ஒயின் ஏலங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர். பிரிட்டிஷ் பிரபுக்களின் நிலவறைகளில் முடங்கிக் கிடந்த சரக்கைத் தேடித்தேடி வெளியே கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டையில் 1870ஆம் ஆண்டு லஃபீட் பெரிய பாட்டில்களில் இருந்தது. வாங்கிவைத்த பிரபுவுக்குச் சுவை பிடிக்கவில்லை; அதனால் ஏறக்குறைய நூறாண்டுகள் யாரும் தொடாமல் ஒரே அறையில் கிடந்து, 1971இல் ஏலத்துக்கு வந்தது. யார் வாங்கியது, எங்கே இருந்தது என்பதில் கேள்விக்கே இடமில்லை.

ஜெஃபர்சன் பாட்டிலுக்கு அந்தத் தெளிவு இல்லை. பாரிஸ் வீடொன்றில், சுவர் எழுப்பி மூடியிருந்த அறையில் கிடைத்தது என்றார் விற்ற ஜெர்மானியர் ஹார்டி ரோடன்ஸ்டாக். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. அதே குவியலிலிருந்து நான்கு பாட்டில்களை அமெரிக்கச் செல்வந்தர் பில் கோக் 1988இல் ஏறக்குறைய 5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். 2005இல் பாஸ்டன் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைக்க முன்வந்தபோது ஆதாரம் கேட்டது. தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அமர்த்திய நிபுணர்கள், எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்றார்கள். கோக் வழக்குத் தொடுத்தார். ரோடன்ஸ்டாக் மோசடியை மறுத்துக்கொண்டே இருந்தார்.

ஆதாரம் இருக்கட்டும், நூறு வயது ஒயினுக்கு நியாய விலை என்று ஒன்று உண்டா? பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். எல்ராய் டிம்சன், பீட்டர் ரூசோ, கிறிஸ்டோஃப் ஸ்பேனியர்ஸ் மூவரும் போர்தோவின் ஐந்து முதல்தரத் தோட்டங்களின் விலைகளை 1900 முதல் 2012 வரை திரட்டினார்கள். நல்ல விளைச்சல் ஆண்டின் ஒயின், பக்குவப்படும்வரை விலை ஏறுகிறது. பக்குவம் வந்தபின் சில பத்தாண்டுகள் தேங்குகிறது. குடிக்கத் தகுமா என்று சந்தேகப்படும் வயதில் மறுபடி ஏறுகிறது! இந்த இரண்டாவது ஏற்றத்துக்கும் நாக்குக்கும் சம்பந்தமே இல்லை. பழைய நாணயம் வாங்குகிறவரின் ஆசைதான் அங்கே விலையை நிர்ணயிக்கிறது. சேமிப்பு, காப்பீட்டுச் செலவு போக அவர்கள் கணக்கிட்ட லாபம், பணவீக்கத்தைக் கழித்து, ஆண்டுக்கு 4.1 சதவீதம். பங்குச்சந்தையைவிடக் குறைவு, ஓவியம், தபால்தலையைவிட அதிகம்.

பிரின்ஸ்டன் பேராசிரியர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் கண்டது இன்னொன்று. ஒரே ஒயின், ஒரே அளவு, ஒரே நாள் ஏலம். அடுத்தடுத்து வரும் பெட்டிகளில் பிந்தியவை முந்தியதைவிட மலிவாகப் போவதே அதிகம். வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்தால் அரங்கத்துச் சூட்டில் பணத்தை இழக்க வேண்டியதில்லை.

2010இல் ஹாங்காங்கில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் அந்தச் சூடு உச்சத்துக்குப் போனது. ஒயின் வரியை ஹாங்காங் 2008இல் நீக்கியிருந்ததால் சீனப் பணம் அங்கே திரண்டிருந்தது. 1869ஆம் ஆண்டு லஃபீட் மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றும் 2,30,000 டாலரைத் தாண்டின. மதிப்பீட்டைவிடப் பல மடங்கு.

விலை ஏறிய இடத்துக்குப் போலியும் வந்தது. 2008 ஏப்ரலில் ரூடி குர்னியவான் என்ற இளைஞரின் சரக்கு நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, பர்கண்டியிலிருந்து லோரான் பொன்சோ நேரில் வந்தார். அவர் குடும்பத்தின் கிளோ சான்-தெனி ஒயின் 1945, 1949 ஆண்டுகளுக்கானது என்று பட்டியலில் இருந்தது. குடும்பம் அதைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980களில்தான். பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2012இல் குர்னியவான் கைதானார். வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, லேபிள் ஒட்டி விற்றது நிரூபணமாகி, 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஒரே ஆண்டில், 2006இல், அவருடைய சரக்கு இரண்டு ஏலங்களில் 3.5 கோடி டாலருக்கு விற்றிருந்தது. வாங்கியவர்களில் பலர் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள். குடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

2018இல் சோத்பீஸ் நியூயார்க்கில் ரோமனே-கோன்ட்டி என்ற பர்கண்டி தோட்டத்தின் 1945ஆம் ஆண்டு ஒயின் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த ஆண்டு செய்தது வெறும் 600 பாட்டில்கள்; அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். ஏலத்துக்கு வந்த பாட்டில், அந்தத் தோட்டத்தின் ஒயினை விநியோகித்த துரூவான் குடும்பத்தைச் சேர்ந்த ரோபேர் துரூவானின் சொந்த நிலவறையிலிருந்து வந்தது. குடிப்பதற்கான பொருளாக அந்த விலையை எந்த நாக்காலும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் இனி செய்யவே முடியாத ஒன்றை, பிறந்த இடம் தெரிந்து வாங்கியவர் ஏமாறவில்லை. 1869 லஃபீட்டும் தோட்டத்தின் சொந்த நிலவறைச் சரக்குதான். சரக்கு உண்மை, விலை மிகை. ஜெஃபர்சன் பாட்டிலுக்கு 1,05,000 பவுண்டு மட்டுமல்ல, ஆயிரம் பவுண்டு கொடுத்திருந்தாலும் அதிகம்தான்.