ஏரிக்கரையில் நடக்கும் உரிமை



கல்லூரியில் பயின்ற நாளில், ஏரிக்கரையில் அசைந்தாடிய பொன்னிற மலர்களைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் பாடிய பாட்டை நான் நெட்டுருச் செய்திருந்தேன். அத்தகைய கரையில் யார் யார் நடக்கலாம் என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. அக்கேள்வியை ஒட்டி ஒரு நாட்டு மக்கள் நெடுங்காலம் வழக்காடினர் என்பதைப் பிற்காலத்தில் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான் அறிந்தேன்.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள மலைநாட்டை ஏரி மாவட்டம் என்பர். பண்டைக் காலத்துப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் நீர் நிறைந்து உண்டானவை அவ்வேரிகள். அவற்றுள் பெரியதான வின்டர்மியர் பத்து மைலுக்கு மேல் நீளமுடையது. இங்கிலாந்தின் மிகவுயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் அங்கேதான் 978 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

இம்மலைநாட்டில் 1770-இல் பிறந்த வேர்ட்ஸ்வொர்த், இதனைக் காண வருவோர்க்கென ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். இயற்கையை நுகரும் உள்ளம் படைத்த அனைவர்க்கும் இது பொதுச்சொத்துப் போன்றது என்பது அந்நூலில் அவர் தெரிவித்த கருத்து. ஆயினும், வின்டர்மியர்க் கரைவரை இருப்புப்பாதை அமைக்க 1844-இல் திட்டம் எழுந்தபோது, அதனை எதிர்த்துப் பத்திரிகையில் கடிதங்கள் வரைந்தவரும் அவரே. ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினால் மலையின் அமைதி குலையும் என்று அவர் அஞ்சினார். அனைவர்க்கும் பொது என்று சொன்னவர், அனைவரும் வரத் தொடங்கும் வேளையில் தயங்கினார்! அவர் எதிர்ப்பையும் மீறி 1847-இல் இரயில் வந்தது. புகை சூழ்ந்த ஆலை நகரங்களில் உழைத்தவர்கள் விடுமுறை நாளில் ஏரிக்காற்றை உண்டனர்.

இரயில் வந்தும் எல்லாப் பாதைகளும் திறந்துவிடவில்லை. கெசிக் நகருக்கு அருகே லாட்ரிக் என்றொரு குன்று உண்டு. மக்கள் வழக்கமாக ஏறிவந்த வழியை நிலவுடைமையாளர் அடைத்தனர். 1887 அக்டோபரில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு தடைகளைக் கடந்து குன்றின் உச்சியை அடைந்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. மறு ஆண்டில் இரு தரப்பாரும் உடன்பட, உச்சிக்குச் செல்லும் பாதை பொதுவழியாயிற்று.

அவ்வூர்ப் பாதைகளைக் காக்கப் பாடுபட்ட பாதிரியார் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் சேர்ந்து 1895-இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையிலுள்ள பிராண்டல்ஹோ என்னும் நிலத்தைப் பொதுமக்கள் நன்கொடையால் வாங்கி, 1902-இல் அனைவர்க்கும் திறந்துவிட்டனர். 1951-இல் ஏரி மாவட்டம் முழுவதும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றது.

அப்படியாயின், கவிஞரின் அச்சம் வெறும் பிரமையா? அன்று. விசைப்படகுகளின் இரைச்சலும் வேகமும் மிகுந்தமையால், வின்டர்மியரில் மணிக்குப் பத்துக் கடல்மைலுக்கு மேல் படகு செல்லலாகாது என்னும் விதி 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அமைதி குலையும் என்று அவர் கண்டது சரியே. அதற்கு உழைப்பாளியைக் காரணமாக்கியதுதான் பிழை. கரையை அடைக்காமல் வேகத்தை அடக்கினர் பின்வந்தோர்.

நீங்களும் விடுமுறையில் மலைக்குச் செல்வீர்கள். ஏரியில் படகு விடுவீர்கள். அப்போது லாட்ரிக் குன்றில் ஏறிய அந்த இரண்டாயிரம் பேரையும் ஒருகணம் நினையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருவோர்க்கும் அந்தக் கரை தூய்மையாக இருக்கட்டும்.